மறு: ‘இரவல் நோ’ – சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம். பழுது ஓர் உறுப்பில் இருக்க, நோ (வலி) வேறோர் இடத்தில் தெரிவதை ஆங்கிலத்தில் referred pain என்கிறார்கள். அதற்கு ‘இரவல் நோ’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த கேள்வி இது:

> ‘தொலைவிட வலி’ போதுமே, அண்ணை. புதுச்சொல் எதற்கு?

தம்பி, அந்தச் சொல்லில் வலிக்கும் இடம் இருக்கிறது. வலி யாருடையது என்பது இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

திருக்கடலூரில் என் பெரியமாமா கரைவலை இழுப்பவர். ஒருநாள் இடது கையின் உட்புறம் சுண்டுவிரல் வரை உளைந்தது. வலை இழுத்த உளைவு என்று நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்தார். மறுநாள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் வாளி வாளியாக ஊற்றினார். துவட்டிய உடம்பு திரும்பவும் வியர்த்து நனைந்தது, தாடையும் நோகத் தொடங்கியது. ஆசுபத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. “கையிலைதானே நோ, ஏன் நெஞ்சைப் பார்க்கினம்?” என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். இதயத்திலிருந்து வரும் நோ நரம்புகளும் இடது கையின் உட்புறத்திலிருந்து வருபவையும் முண்ணாணின் (தண்டுவடத்தின்) மேல்மார்புப் பகுதியில் ஒரே நரம்புக் கலங்களில் வந்து சேர்கின்றன. மூளைக்குக் கையிலிருந்து செய்தி வருவது அன்றாடம். இதயத்திலிருந்து வருவது அபூர்வம். அதனால் இதயத்தின் நோவைக் கையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இன்னும் வியப்பானது தோள் நோ. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கருவில் கழுத்துப் பக்கம் உருவாகிக் கீழே இறங்குகிறது. கழுத்து நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. தோளின் நரம்புகளும் முண்ணாணின் அதே கழுத்துப் பகுதியில்தான் சேர்கின்றன. ஆகவே பித்தப்பை வீங்கி அந்தத் தகட்டை உறுத்தினால் வலது தோள் நோகும். தோளில் ஒரு பழுதும் இராது.

இரவல் நகை போட்டவளுடையது அல்லவே, சொந்தக்காரி வேறு. இந்த நோவும் அப்படித்தான். இதயத்துக்கு வைத்தியம் செய்தால் கை நோ தானாகப் போய்விடும். கிளம்பிய இடத்திலிருந்து தொடர்ந்து பரவும் நோவுக்குப் ‘படர் நோ’ என்று வைக்கலாம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ‘நோ’ புழக்கத்தில் இல்லையென்றால் ‘இரவல் வலி’ என்றாலும் சரி. “ஐயா, இது இரவல் நோ, கையிலை பிழையில்லை” என்று உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பி என்ன கேட்டார் என்பதை இங்கே எழுதுங்கள்.