ரால்ஸ், நோசிக்: ஒரு சந்தேகம், விளக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. அரசியல் தத்துவம் படித்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த நீதிக் கோட்பாட்டில் அறியாமைத் திரை வரை தெளிவாகப் புரிகிறது. நாம் ஏழையாகப் பிறப்போமா, பணக்காரராகவா, என்ன திறமையோடு என்று தெரியாத நிலையில் சமூகத்தின் விதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு அழகான யோசனை! அங்கிருந்து அடிப்படைச் சுதந்திரங்களுக்கே முதலிடம், ஏற்றத்தாழ்வு இருந்தால் அது கடைசியில் இருப்பவருக்கு நன்மை தரவேண்டும் என்று வருகிறார்.

1974இல் இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. செல்வத்தை உங்களுக்குப் பிடித்த மாதிரியே பங்கிட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பேர் ஒரு கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்க விரும்பி, ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்றே கொடுக்கிறார்கள். அவரிடம் 2,50,000 டாலர் சேர்ந்துவிடுகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதில் அநீதி எங்கே?

ரால்ஸ் பக்கத்துப் பதில் ஓரளவு தெரியும்: அவர் பேசுவது சமூகத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் (சட்டம், பொருளாதாரம் போன்ற முக்கிய அமைப்புகளை) பற்றி, தனித்தனிப் பரிமாற்றங்களைப் பற்றி அல்ல, வரி அந்தக் கட்டமைப்பின் ஒரு பகுதி. ஆனால் சொந்த உடைமை வைத்திருக்கும் உரிமையை அடிப்படைச் சுதந்திரமாகச் சேர்க்கும் அவர், உற்பத்திச் சாதனங்களின் (தொழிற்சாலை, இயந்திரம் போன்றவற்றின்) உடைமையை மட்டும் அந்தப் பட்டியலுக்கு வெளியே விடுகிறார். அந்த எல்லைக்கோட்டை எந்த அடிப்படையில் போடுகிறார்? எனக்கு இதுதான் பிடிபடவில்லை.

தமிழில் எளிமையாக யாராவது விளக்கினால் பெரிய உதவி. நான் புரிந்துகொண்டதே தவறு என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.