குழல் விளக்கில் கண்ணாடி, மாலை வெயிலில் சிலந்தி வலை

செதாப்பாக்வாசி:

கறுப்புக் கார் வேண்டாம் என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. பழைய கார் விற்கும் இடத்தில் இரவு எட்டு மணிக்குப் பார்த்தேன். கொட்டகைக்குள் வரிசை வரிசையாகக் குழல் விளக்குகள். அதன் கீழே ஒரு கறுப்பு மைவி. பானெட்டைப் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்தரை மணி. அடுக்குமாடிக்குக் கீழே திறந்தவெளியில் கார் நின்றது. மேற்கிலிருந்து வெயில் சாய்ந்து ஓட்டுநர் பக்கக் கதவில் விழுந்தது. கதவில் தெரிந்த சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய எவர்சில்வர் தட்டில் இருக்குமே, அதே மாதிரி. நான் நகர்ந்தால் வலையும் கூடவே நகர்ந்தது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “யார் இதற்கு நார் போட்டுத் தேய்த்தது?”

பட்டறைக்காரர்கள் இதை ஸ்வர்ல் என்கிறார்கள். பெயர்தான் சுழல், கீறல்கள் வட்டமாக இருப்பதில்லை. நாலா பக்கமும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் ஒளிப் புள்ளியைச் சுற்றி வளையம் போட்டது போலத் தோன்றுகிறது. குழல் விளக்கு வரிசையில் வெளிச்சம் பல பக்கங்களிலிருந்தும் பரவலாக வருவதால் இந்தச் சின்ன மினுக்கம் அதில் கரைந்துபோகிறது. மேகமூட்டமான நாளும் அப்படித்தான். கீறலைப் பிடிக்கப் புள்ளியாக நிற்கும் ஒற்றை ஒளி வேண்டும்.

கோலாலம்பூர் நடுப்பகல் வெயிலை நம்பாதீர்கள். சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கூரையும் பானெட்டும் தெரியும், கதவு தப்பித்துக்கொள்ளும். கதவுக்குக் காலை ஒன்பது மணி, இல்லையென்றால் மாலை ஐந்துக்குப் பிறகு. இங்கே பொழுது சாய ஏழு தாண்டும் என்பதால் நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரம் பார்த்துத்தானே மழை வரும்?

அதனால் எல்இடி டார்ச் ஒன்று வாங்கினேன். இரவில், மற்ற வெளிச்சம் எட்டாத மூலையில் காரை நிறுத்தி, டார்ச்சை ஒரு கை நீளத்தில் சாய்த்துப் பிடித்து, கதவைக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழையும் குழியில் அரைநிலா அரைநிலாவாக ஏழெட்டுக் கீறல்கள். நகமோ மோதிரமோ உரசியது. காவலாளி வந்து என்ன தொலைந்தது என்று கேட்டார். பணம் என்றேன்.

உங்களில் யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கிறது? எந்த விளக்கில் குட்டு வெளிப்பட்டது?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

என் கதையில் குற்றவாளி நானேதான். அடர்நீல சாகா கார். எடுத்த வாரமே கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பானெட்டில் திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் குங்குமமுமாக வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காய்ந்து கிடந்ததைப் பழைய துண்டு ஒன்றால் வறவறவென்று துடைத்தேன்.

பல மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய இரவு, தோட்டின் திருகாணி கழன்று பானெட் பக்கம் எங்கோ விழுந்துவிட்டது. மகன் கைத்தொலைபேசி விளக்கைப் பானெட்டின் மேல் படுக்கைவாட்டில் பிடித்துத் தேடினான். திருகாணி கிடைக்கவில்லை. திருநீறு இருந்த இடத்தில் மூன்று பட்டையாகக் கீறல் கிடைத்தது. “அம்மா, காருக்கு நிரந்தரமாகப் பூசிவிட்டீர்கள்” என்றான்.

இப்போது பூசை முடிந்து வந்ததும் தண்ணீர் ஊற்றி ஊறவிடுகிறேன். சந்தனம் தானாக இளகி வழிந்த பிறகுதான் துணி.

செகாம்புட் பட்டறைத் தம்பி:

பாலிஷ் போடுவதுதான் என் வேலை. அண்ணன் சொன்னது கறுப்புக் காருக்குச் சரி. வெள்ளை, வெள்ளிக் கார்களுக்கு அதே வெள்ளை விளக்கை அடித்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. 3000 கெல்வின் பக்கம் இருக்கும் மஞ்சள் ஒளியை வைத்துப் பாருங்கள். வெள்ளைக் காரில் கீறலே விழாது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை நான் இந்த விளக்கில்தான் அழ வைக்கிறேன்.

குழல் விளக்கையும் திட்டாதீர்கள். ஒடுக்குப் பார்க்க அதை விட்டால் ஆளில்லை. தகட்டில் தெரியும் விளக்கின் பிம்பக் கோடு நேராக ஓடி ஓரிடத்தில் வளைந்தால் அங்கே தகடு உள்வாங்கியிருக்கிறது.

முக்கியமானதைச் சொல்கிறேன், என் தொழிலுக்கே உலை வைத்தாலும் சரி. சில பாலிஷ்களில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் இறங்கி அதை மூடிவிடும். கார் எடுக்கும் நாளில் எந்த விளக்கிலும் தெரியாது. நாலு தடவை கழுவினால் பழைய வலை திரும்ப வரும். அதனால் மெழுகு போடுவதற்கு முன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துவிட்டு டார்ச்சில் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் விடாதீர்கள்.

அதற்காக ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். வண்ணத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்கிறது. நகத்தால் குறுக்கே வருடும்போது தட்டுகிற கீறல் என்றால் விட்டுவிடுங்கள்.

பினாங்குக்காரன்:

எனக்குக் கழுவும் இடத்தில் ஆனது. டயரைத் துடைத்த அதே துணி கூரைக்கும் போனதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கம். இப்போது சோப்பு நீருக்கு ஒன்று, அழுக்கை அலச ஒன்று என்று இரண்டு வாளி, மைக்ரோஃபைபர் துணி, சொந்தக் கை.

செதாப்பாக்வாசி:

தம்பிக்கு நன்றி. சனிக்கிழமை பாலிஷ் போடக் கொடுத்தேன், ஆல்கஹாலால் துடைத்துக் காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துடைத்தார். இரண்டு கதவும் சுத்தம். பின்மூடியில் பாதி வலை திரும்ப எழுந்து வந்தது. ஒன்றும் பேசாமல் இயந்திரத்தை மறுபடி எடுத்தார். இன்னும் ஒரு மணி நேரம் ஆனது, கூடுதலாகக் காசு கேட்கவில்லை.

கைப்பிடிக் குழியில் இருந்த அரைநிலாக்கள் அப்படியே இருக்கின்றன. இயந்திரம் அங்கே நுழையாதாம். எனக்கு முன்னால் இந்தக் காரை ஓட்டியவர் யாரென்று தெரியாது. மோதிரம் போட்டவர் என்று மட்டும் தெரிகிறது.