அப்டேட்: பேரப்பிள்ளைகளை வளர்க்குற பக்கத்து வீட்டு அப்பத்தா

மகனும் மருமகளும் இறந்தபிறகு ரெண்டு பேரப்பிள்ளைகளை நூறுநாள் வேலைக்குப் போயி வளர்க்குற அப்பத்தாவுக்கு அரசு உதவி ஏதாச்சும் இருக்கான்னு போன பதிவுல கேட்டிருந்தேன்ல, நீங்க சொன்னபடி குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போட்டோம், விஷயம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போயிருச்சு. அங்கிருந்து வந்த சோஷியல் ஒர்க்கர் அக்கா திண்ணையில உக்காந்து நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, ராத்திரி பயமா இருந்தா யாரை எழுப்புவன்னு சின்னவன்கிட்ட மெதுவா கேட்டாங்க, எனக்கு அவங்க மேல பெரிய மரியாதையே வந்துருச்சு.

மிஷன் வாத்சல்யாங்குற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல ஸ்பான்சர்ஷிப்னு குடுக்குற உதவித்தொகை ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா, கிராமத்துல வருஷ வருமானம் 72,000க்குள்ள இருக்கணும், கலெக்டர் தலைமையில இருக்குற கமிட்டி ஓகே பண்ணணும். சர்டிபிகேட் எல்லாம் குடுத்தாச்சு, பேங்க் கணக்குதான் பாக்கி, களை வெட்டியே தேஞ்ச விரலு, மெஷின்ல ரேகை விழ மாட்டேங்குது. திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்.