போட்டோ பூத்துக்கு வெளிப்பொத்தான்கள்: விசைச் சேர்க்கைகளை அனுப்புவது எப்படி?

நிழற்பெட்டி:

அனைவருக்கும் வணக்கம். திருமண வரவேற்புகளில் வைப்பதற்காக மரப்பெட்டியில் ஒரு போட்டோ பூத் செய்துவருகிறேன். உள்ளே விண்டோஸ் மடிக்கணினி, டிஎஸ்எல்ஆர் கேமரா, போட்டோ பிரிண்டர் ஆகியவை இருக்கின்றன. பூத் மென்பொருளில் ஒவ்வொரு செயலுக்கும் உரிய விசையை நாமே ஒதுக்கிக்கொள்ளலாம். இப்போதைக்குப் படமெடுக்க ஸ்பேஸ், அச்சிட கன்ட்ரோல்+பி, அமைப்புகளைத் திறக்க கன்ட்ரோல்+ஷிப்ட்+எஸ் என்று வைத்திருக்கிறேன். விருந்தினர் கையில் கீபோர்டைக் கொடுக்க இயலாது என்பதால், முகப்பில் படத்துக்கு ஒரு பெரிய சிவப்புப் பொத்தானும் அச்சுக்கு ஒரு பச்சைப் பொத்தானும் மட்டுமே இருக்க வேண்டும். நான் மட்டும் இரண்டையும் சேர்த்து அழுத்தி அமைப்புகளுக்குள் போக வேண்டும்.

என்னிடம் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை இருக்கிறது. ஆனால் விசைகளை அனுப்ப உதவும் கீபோர்டு லைப்ரரியைச் சேர்த்தவுடன் நிரல் கம்பைல் ஆகாமல் பிழை காட்டுகிறது. ஆர்கேட் விளையாட்டுக்கென விற்கும் யுஎஸ்பி என்கோடர் பலகையையும் இணைத்துப் பார்த்தேன்; விண்டோஸ் அதை ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்கிறது, பூத் மென்பொருளோ ஜாய்ஸ்டிக்கை ஏற்பதில்லை. பொத்தான்கள் நிற்கும் தூணுக்கும் பெட்டிக்கும் இடையே 4 மீட்டர் தொலைவு இருக்கிறது. எந்த வழியில் போவது நல்லது?

மின்தடம்:

வணக்கம் நண்பரே. ஊனோவில் முதன்மைச் சில்லான ஏடிமெகா328பி-க்கு யுஎஸ்பி வசதியே கிடையாது. கணினியோடு பேசுவது பக்கத்தில் இருக்கும் வேறொரு சிறு சில்லு. அந்தச் சில்லின் நிரலை மாற்றி ஊனோவைக் கீபோர்டாக ஆக்கியவர்கள் உண்டு என்றாலும், ஒவ்வொரு முறை நிரலைத் திருத்தும்போதும் அதை முன்னும் பின்னும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏடிமெகா32யு4 சில்லு உள்ள லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ பலகையை வாங்குங்கள். அதைச் செருகியவுடன், தனி டிரைவர் எதுவும் இல்லாமலேயே, கணினி அதைச் சாதாரண யுஎஸ்பி கீபோர்டாக ஏற்றுக்கொள்ளும். ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு பலகையில் சர்க்கிட்பைத்தான் என்ற நிரல்மொழியை ஏற்றியும் இதையே செய்யலாம்.

விசைச் சேர்க்கையை அனுப்பும்போது வரிசை முக்கியம். முதலில் கன்ட்ரோலை அழுத்திய நிலையில் வைத்து, பிறகு எழுத்தை அழுத்தி, ஏறத்தாழ 50 மில்லிவினாடி பொறுத்து, எல்லா விசைகளையும் ஒருசேர விடுவிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். விடுவிக்கும் கட்டளை விடுபட்டுப் போனால் கன்ட்ரோல் அழுத்தப்பட்டபடியே இருப்பதாகக் கணினி கருதும். அதன்பின் நீங்கள் உண்மையான கீபோர்டில் தட்டும் எழுத்துகளும் கட்டளைகளாகவே போய்ச் சேரும்.

அதைவிடவும் முக்கியமானது, பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் வரை விசையை அனுப்பிக்கொண்டே இருக்கக் கூடாது என்பது. குழந்தைகள் பொத்தானின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். விசை அழுந்தியே இருந்தால் விண்டோஸ் அதை மீண்டும் மீண்டும் அடிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பொத்தான் விடுபட்ட நிலையிலிருந்து அழுந்திய நிலைக்கு மாறும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு முறை அனுப்பிவிட்டு, படம் எடுத்து முடியும் வரை அடுத்த அழுத்தங்களைப் பலகையே புறக்கணிக்குமாறு எழுதுங்கள். அச்சுப் பொத்தானுக்கு இந்தப் பூட்டு இன்னும் நீளமாக இருக்க வேண்டும். கேனானின் செல்ஃபி சிபி1300 போன்ற சிறு அச்சுப்பொறி ஒரு அஞ்சலட்டைப் படத்தை அச்சிடவே சுமார் 47 வினாடி எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பொறுமையிழந்தவர் ஐந்தாறு முறை அழுத்தினால் அத்தனை தாள்களும் வரிசையில் நின்றுவிடும்.

இரண்டையும் சேர்த்து அழுத்தும் வழியில் ஒரு சிக்கல் உண்டு. எந்த மனிதராலும் இரு பொத்தான்களை ஒரே கணத்தில் அழுத்த முடியாது. எப்போதும் ஒன்று சற்று முந்தும், முந்தியதன் செயல் உடனே நடந்துவிடும். ஆதலால் முதல் பொத்தான் அழுந்தியதும் 100 மில்லிவினாடி காத்திருந்து, மற்றது சேர்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். படமெடுப்பதற்கு முன் எப்படியும் திரையில் இறங்குமுகமாக எண்ணிக்கை ஓடும் என்பதால் இந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. சேர்த்து அழுத்தி 5 வினாடி பிடித்திருந்தால் மட்டுமே அமைப்புகள் திறக்கட்டும்.

இன்னொன்று: பலகையின் ஒரு இணைப்பு முனையைக் கிரவுண்டோடு (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் பக்கம்) இணைத்திருந்தால்தான் கீபோர்டு வேலை இயங்கத் தொடங்கும் என்று நிரலின் முதல் வரிகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிரலில் பிழை நேர்ந்து பலகை ஓயாமல் விசைகளை அடிக்கத் தொடங்கினால், அந்த இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திருத்த முடியும்.

பந்தல்_மின்பணி:

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் 4 மீட்டர் கம்பி என்பதை எளிதாக விட்டுவிடக் கூடாது. மண்டபங்களில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்திலும், குளிர்சாதனம் இயங்கத் தொடங்கும்போதும், நீண்ட கம்பியில் வீண் துடிப்புகள் ஏறும். யாரும் தொடாமலேயே கேமரா படமெடுத்துவிடும். பொத்தான் அழுந்தாதபோது முனையை 5 வோல்ட்டில் நிறுத்திவைக்கச் சில்லுக்குள் இருக்கும் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருப்பதால், இவ்வளவு நீளமான கம்பியை உறுதியாகப் பிடித்துவைக்க அதனால் இயலாது. வெளியே 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றை 5 வோல்ட்டுக்கு இணைத்து, பலகைக்கு அருகிலேயே முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். கம்பிக்கு நெட்வொர்க் கேபிளே போதும். முறுக்கிய ஒரு ஜோடியில் ஒன்றைப் பொத்தானுக்கும் மற்றதைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள்.

நிரலிலும் இதற்கு இடம் இருக்கிறது. பொத்தானின் உலோகத் தொடுமுனை சில மில்லிவினாடி துள்ளும் என்பதைச் சமாளிக்கப் பலர் முதல் மாற்றத்தைக் கண்டவுடன் செயல்பட்டுவிட்டு, அதன்பின் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொள்ளுமாறு எழுதுகிறார்கள். துள்ளலுக்கு அது போதும். ஆனால் கம்பியில் ஏறும் ஒரு நொடிப்பொழுதுத் துடிப்பையும் அந்த நிரல் அழுத்தமாகவே எண்ணிவிடும். தொடர்ந்து 20 மில்லிவினாடி அழுந்திய நிலையே தெரிந்தால்தான் அது அழுத்தம் என்று எழுதினால் இரண்டுக்கும் ஒரே மருந்தாகிவிடும்.

பொத்தானுக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட் வகையா என்று பார்த்து வாங்குங்கள். அப்படியானால் பலகையின் முனையிலிருந்து நேராக ஏற்ற முயலாமல், பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக ஏற்றுங்கள். பூட்டு நேரத்தில் விளக்கை அணைத்து வைத்தால், அழுத்திப் பயனில்லை என்பது யாரும் சொல்லாமலே விருந்தினருக்குப் புரியும்.

சேர்த்து அழுத்தும் வழி எனக்கு உடன்பாடில்லை. இரு குழந்தைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் 5 வினாடி தானாகவே கடந்துவிடும். பெட்டியின் பின்புறத்தில் சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச் ஒன்றை வைத்து, அது திரும்பியிருக்கும்போது மட்டும் அமைப்புகள் திறக்குமாறு செய்வதே என் விருப்பம்.

நிழற்பெட்டி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாவி சுவிட்ச் யோசனை மிகவும் பொருத்தமாக இருக்கிறது. குழந்தைகள் இல்லாத வரவேற்பு ஏது? ஒரு ஐயம் மட்டும் பாக்கி. ஏதேனும் அறிவிப்புச் சாளரம் முன்னால் வந்துவிட்டால் ஸ்பேஸ் விசை பூத் மென்பொருளுக்குப் போகாமல் அந்தச் சாளரத்துக்குப் போய்விடுமே, அதற்கு என்ன செய்வது?

மின்தடம்:

நியாயமான கவலைதான். விசை எப்போதும் முன்னால் இருக்கும் சாளரத்துக்கே போகும். அதனால் பலகையிலிருந்து ஸ்பேஸையோ கன்ட்ரோல்+பி-யையோ அனுப்பாமல், எஃப்13, எஃப்14, எஃப்15 ஆகியவற்றை அனுப்புங்கள். எஃப்24 வரையிலான இந்த விசைகள் யுஎஸ்பி தரத்தில் இருக்கின்றன. சாதாரணக் கீபோர்டுகளில் இல்லை. ஆகவே வேறெந்த மென்பொருளும் அவற்றைப் பயன்படுத்துவது அரிது. மடிக்கணினியில் ஆட்டோஹாட்கீ என்ற, விசைகளுக்கு வேறு செயல்களை ஒதுக்கும் மென்பொருளை நிறுவி, எஃப்13 வந்தால் முதலில் பூத் சாளரத்தை முன்னே கொண்டுவந்து, பிறகு ஸ்பேஸை அனுப்பு என்று எழுதிவிடுங்கள். பூத் மென்பொருளை நிர்வாகி உரிமையோடு இயக்கினால் ஆட்டோஹாட்கீயையும் அதே உரிமையோடு இயக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் அந்த விசைகளைத் தடுத்துவிடும்.

நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பலகையைத் தொட வேண்டியதில்லை, ஆட்டோஹாட்கீயில் சில வரிகளை மாற்றினால் போதும். விண்டோஸின் மின் அமைப்புகளில், பயன்படாத யுஎஸ்பி சாதனத்தை உறங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்து வையுங்கள். ஷிப்ட் விசையைத் தனியாக எந்தப் பொத்தானுக்கும் கொடுக்காதீர்கள். அதை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் என்ற விண்டோஸ் வசதியை இயக்கவா என்று கேட்கும் பெட்டி திரையில் வந்து நிற்கும்.

பைவழி:

எதிர்காலத்தில் மடிக்கணினியைத் தவிர்க்க நினைத்தால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும் கருதலாம். பைபூத் என்ற திறந்த மூல மென்பொருளில் படப் பொத்தானையும் அச்சுப் பொத்தானையும் அந்தக் கணினியின் ஜிபிஐஓ எனப்படும் வெளி இணைப்பு முனைகளில் நேராக இணைத்துவிடலாம் என்பதால் கீபோர்டு வேடமே தேவைப்படாது. அந்த முனைகள் 3.3 வோல்ட்டை மட்டுமே தாங்கும். மேலே சொன்ன 5 வோல்ட் புல்-அப்பை அங்கே இணைத்துவிடாதீர்கள்.

நிழற்பெட்டி:

இப்போதைக்கு மடிக்கணினியோடே தொடர்கிறேன். ப்ரோ மைக்ரோ பலகையும் சாவி சுவிட்சும் வாங்கி, எஃப்13 வழியில் எழுதிப் பார்க்கிறேன். நெட்வொர்க் கேபிளில் மீதமிருக்கும் ஜோடிகளை இரு விளக்குகளுக்கும் பயன்படுத்தலாமா, அல்லது விளக்குக்கான கம்பி தனியாகப் போக வேண்டுமா என்பதை மட்டும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பந்தல்_மின்பணி:

தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு முழு ஜோடியை ஒதுக்குங்கள். பொத்தானின் கிரவுண்டு கம்பியை மட்டும் விளக்கோடு பகிராதீர்கள்.