பெர்ஷியன் பூனை சீனி பத்து நாள் அம்மா வீட்டில்

குழு: வண்ணாரப்பேட்டை வீடு

வெள்ளி

[6:12 காலை] அக்கா: காட்பாடி இறங்கிட்டோம். எங்க மாமனாருக்கு நாளைக்குத்தான் ஆபரேஷன். சீனி ராத்திரி தூங்கினானா?

[6:20 காலை] தங்கச்சி: பீரோவுக்கு அடியில போய் ஒண்டிக்கிச்சுக்கா. நாலு மணிக்கு வெளிய வந்து தண்ணி குடிச்சுது. சாப்பாட்டைத் தொடல.

[6:23 காலை] அக்கா: புது இடம்ல, அப்படித்தான் இருப்பான். கையை விட்டு இழுக்காதீங்க, தட்டை பீரோ கிட்டயே வை. ஆனா நாளைக் காலையிலயும் சாப்பிடலன்னா உடனே சொல்லு. பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு ஏறிடும். நாய் மாதிரி தாங்காது.

[6:40 காலை] அம்மா: கொஞ்சம் பால் ஊத்தட்டுமா? நம்ம வீட்டுக்கு வர்ற தெருப் பூனைங்க எல்லாம் பால்தான் குடிக்குது.

[6:44 காலை] அக்கா: வேணாம்மா. வளர்ந்த பூனைக்கு மாட்டுப் பால் செரிக்காது, வயித்தால போகும். இவனுக்குப் போச்சுன்னா பின்னாடி முடியெல்லாம் ஒட்டிக்கும், பாவம், அதை அவனால சுத்தம் பண்ணிக்கவே முடியாது. தண்ணி மட்டும் போதும். அவன் ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற மணல் தட்டுப் பக்கத்துல தண்ணி வெக்காதீங்க, குடிக்க மாட்டான். எதிர் மூலையில வைங்க.

[6:45 காலை] அக்கா: சாப்பாட்டுக்கு அந்தத் தட்டையான பீங்கான் தட்டுதான். கிண்ணத்துல போட்டா அந்தத் தட்டை மூஞ்சி உள்ள போகாது அவனுக்கு.

[1:30 மதியம்] மாமா: காசிமேட்டுல இன்னிக்கு நெத்திலி நல்லா வந்துகீது. ரெண்டு கை எடுத்துகினு வரேன். பூனைக்குப் பச்சையாவே போடு, ஓடி வந்துடும்.

[1:38 மதியம்] அக்கா: மாமா, எடுத்துட்டு வாங்க, ஆனா பச்சையா வேணாம். நெத்திலி மாதிரி சில மீன்ல பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் ஒண்ணு இருக்கு. பச்சையாவே தினம் குடுத்தா தலை சுத்தி வலிப்பு வர்ற வரைக்கும் போகும். வெந்துட்டா அது செத்துடும். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் படாம வெறும் தண்ணியில வேக வெச்சு, முள்ளு எடுத்துட்டு, நாலே நாலு. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்.

[1:41 மதியம்] மாமா: சரி கண்ணு. தனியா வேக வெக்கச் சொல்றேன்.

[7:55 மாலை] தங்கச்சி: அக்கா!!! மாமா மீன் வாசனைக்கு வெளிய வந்துட்டான். நாலும் காலி. அதுக்கப்புறம் அவன் சாப்பாடும் பாதி சாப்ட்டான்.

[7:56 மாலை] அக்கா: அப்பாடா. இப்பதான் எனக்குத் தொண்டையில சோறு இறங்கும்.

சனி

[9:10 காலை] தங்கச்சி: சீப்பு எடுத்துட்டேன்கா. எங்கருந்து ஆரம்பிக்கணும்? முதுகு பளபளன்னு நல்லாத்தான் இருக்கு.

[9:18 காலை] அக்கா: முதுகை நம்பாதே. சிக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் கட்டும். காதுக்குப் பின்னாடி, முன்னங்கால் அக்குள், அடிவயிறு, தொடைக்குப் பின்பக்கம். அங்கல்லாம் முதல்ல விரலால தடவிப் பாரு, பட்டாணி மாதிரி ஏதாவது தட்டுப்படுதான்னு. அப்புறம்தான் சீப்பு. மூஞ்சிக்கு மட்டும் பேன் சீப்பு வெச்சிருக்கேன், பையில சின்ன பாக்கெட்டுல இருக்கும்.

[9:31 காலை] தங்கச்சி: இடது அக்குள்ல ஒண்ணு இருக்குக்கா. புளியங்கொட்டை அளவு. தொட்டாலே காலை இழுத்துக்கிறான்.

[9:33 காலை] சித்தி: கத்திரிக்கோலால நறுக்குன்னு வெட்டி விட்டுடும்மா. எதுக்கு அதைக் கஷ்டப்படுத்தற?

[9:34 காலை] அக்கா: வெட்டாதே வெட்டாதே

[9:37 காலை] அக்கா: சித்தி, பூனைத் தோல் காகிதம் மாதிரி. சிக்கு இழுக்க இழுக்க தோலும் அதோட மேல எழும்பி வந்துடும், எது முடி எது தோல்னு நமக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு கடையில முடி வெட்ட விட்டேன்ல, அப்ப தொடையில ஒரு இஞ்ச் கிழிச்சுட்டாங்க. மூணு தையல். அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே இவன் முடி நம்ம வீட்டு ஆள் கையிலதான்னு.

[9:38 காலை] சித்தி: ஐயோ. எனக்குத் தெரியாதும்மா.

[9:42 காலை] அக்கா: சோள மாவு கொஞ்சம் சிக்கு மேல தூவி விரலால பிரிச்சு விடு. தண்ணி படவே கூடாது, நனைஞ்சா இன்னும் இறுகிடும். அடிமுடியை இடது கையால அழுத்திப் பிடிச்சுக்க, அப்ப இழுத்தாலும் தோலுக்கு வலிக்காது. நுனியிலருந்து கொஞ்சம் கொஞ்சமா. ஒரே நாள்ல வரலன்னா விட்டுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்.

[9:50 காலை] அம்மா: தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டா வழுக்கிட்டு வந்துடுமே

[9:53 காலை] அக்கா: நக்கிடுவான்மா. மிச்சம் இருக்கற எண்ணெய்ல தூசி பிடிச்சு இன்னும் சிக்காயிடும்.

[10:25 காலை] அம்மா: நீ அதைப் பிடி, நான் எடுக்கறேன்னு இவகிட்ட சீப்பை வாங்கிட்டேன். நுனியிலருந்து எடுக்கறதை எனக்கு யாரும் சொல்லித் தரணுமா. உங்க ரெண்டு பேருக்கும் பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு சடை பின்னின கை இது. பாதி சிக்கு பிரிஞ்சுடுச்சு. மீதி நாளைக்கு.

[10:27 காலை] தங்கச்சி: [படம்] அம்மா மடியில கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கான் பாருக்கா. சீப்புல வந்த முடி எலுமிச்சம்பழ அளவு உருண்டை!

[10:28 காலை] அக்கா: அந்த உருண்டை எல்லாம் இல்லன்னா அவன் வயித்துக்குள்ள போயிருக்கும்.

[11:05 காலை] அம்மா: ஒண்ணு கேக்கணும்டி. தெருப் பூனைக்கு யாரு சிக்கு எடுக்கறா? தானே நக்கி சுத்தமா இருக்குதே. இதுக்கு மட்டும் ஏன்?

[11:21 காலை] அக்கா: தெருப் பூனைக்கு முடி குட்டை, நாக்குல இருக்கற முள்ளே அதுக்கு சீப்பு. இவனுக்கு அடிமுடியும் நீளம், மேல்முடியும் நீளம், நாக்கு எட்டாது. மூக்கும் அப்படித்தான். 1871-ல லண்டன்ல நடந்த பூனைக் கண்காட்சியிலயே பெர்ஷியன் பூனை வந்திருக்கு. அந்தக் காலத்துப் படத்துல எல்லாம் நல்லா மூக்கு முழியா இருக்கும். அப்புறம் மனுஷங்கதான் மூஞ்சி தட்டையா இருந்தா அழகுன்னு தேடித் தேடி ஜோடி சேர்த்து இப்படி ஆக்கிட்டாங்க. கண்ணுத் தண்ணி போற குழாய் மடங்கிப்போச்சு, அதான் எந்நேரமும் வழியுது. மூச்சு விடற வழியும் குறுகிப்போச்சு. அவனால முடியாத மாதிரி நாம பண்ணி வெச்சுட்டு, அவனே பாத்துக்கட்டும்னு விட முடியுமாம்மா? இந்தப் பத்து நிமிஷம் நாம அவனுக்குப் பட்ட கடன்.

[11:24 காலை] அம்மா: சரிடி. புரியுது.

[11:26 காலை] அக்கா: கண்ணுக்கு: கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில பஞ்சு நனைச்சு, உள் ஓரத்துலருந்து கீழ ஒரே இழுப்பு. ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. காலையில ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம். பச்சையாவோ மஞ்சளாவோ பீளை வந்தா படம் அனுப்பு.

[4:40 மாலை] சித்தி: எங்க பெரம்பூர் பிளாட்ல ஒருத்தங்க பொட்டைப் பூனை வெச்சிருக்காங்க, இதே ஜாதி. ஜோடி சேர்க்கக் கேக்கறாங்க. குட்டிக்கு நல்ல விலை போகுமாம்.

[5:02 மாலை] அக்கா: சீனிக்கு எப்பவோ குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு சித்தி. ஆனா அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. இந்த ஜாதிக்கு சிறுநீரகத்துல நீர்க்கட்டி வர்ற பரம்பரை வியாதி இருக்கு. அப்பா அம்மாவுல ஒண்ணுக்கு இருந்தாலே பாதிக் குட்டிக்கு வரலாம். 2004-லயே அதுக்கான மரபணுவைக் கண்டுபிடிச்சு டெஸ்ட்டும் வந்துடுச்சு. வயித்து ஸ்கேன்லயும் தெரியும். பாக்காம ஜோடி சேர்க்க வேணாம்னு சொல்லுங்க. குட்டி வாங்கிட்டுப் போறவங்க அஞ்சாறு வருஷம் கழிச்சு அழுவாங்க.

[5:10 மாலை] சித்தி: சொல்றேன்மா.

ஞாயிறு

[8:15 காலை] அக்கா: ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஐசியூவுல இருக்காரு. கடவுள் புண்ணியம்.

[8:16 காலை] மாமா: நல்ல சேதி சொன்ன கண்ணு.

[8:30 காலை] தங்கச்சி: அக்கா, பால்கனி கைப்பிடி மேல ஏறிட்டான். ரெண்டாவது மாடி. எனக்கு உயிரே போயிடுச்சு.

[8:31 காலை] அக்கா: கதவைச் சாத்து முதல்ல!! புறாவைப் பாத்தா தாவிடுவான்.

[8:40 காலை] மாமா: இரு இரு. வலை நம்ம கிட்ட இல்லாததா. தங்கூசி நரம்பு வலை வேணாம், மெல்லிசு, பூனைக் காலை அறுத்துடும். முறுக்கு நைலான் வலை பழசு ஒண்ணு கீது, ஓட்டை ரெண்டு விரல் அளவுதான். மதியத்துக்குள்ள கட்டிட்றேன்.

[1:15 மதியம்] தங்கச்சி: [படம்] மாமா கட்டிட்டாரு. ஒரு மூலையில கிழிசல் இருந்துச்சு, அதையும் ஊசி போட்டு முடிஞ்சுட்டாரு. சீனி உக்காந்து ஊசியையே பாத்துட்டிருந்தான்.

செவ்வாய்

[2:35 மதியம்] தங்கச்சி: அக்கா கரண்ட் போயி ஒரு மணி நேரமாச்சு. சீனி வாயைத் தொறந்து மூச்சு விடறான். நாய் மாதிரி. நாக்கு வெளிய இருக்கு.

[2:35 மதியம்] தங்கச்சி: அக்கா போன எடு

[2:52 மதியம்] அக்கா: எல்லாரும் பயந்துருப்பீங்க, போன்ல சொன்னதை எழுதியே வெச்சுடறேன், மறுபடி ஆனா தேட வேணாம். பூனை வாயைத் தொறந்து மூச்சு வாங்கினா அது விளையாட்டு இல்ல. தட்டை மூக்குக்கு கத்திரி வெயில் எமன். உடனே டைல்ஸ் தரையில விடணும். சாதா தண்ணியில துணி நனைச்சு வயித்துலயும் தொடை இடுக்குலயும் உள்ளங்காலயும் ஒத்தணும். ஐஸ் தண்ணி கூடாது. விசிறியால விசிறணும். வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். கொஞ்சம் அடங்கினாலும் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்.

[2:58 மதியம்] சித்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

[2:59 மதியம்] அக்கா: சித்தி நான் படிச்சுட்டேன். காய்ச்சல் மாத்திரை கால் துண்டு கூட வேணாம். பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்தற சக்தி பூனைக் கல்லீரலுக்கு இல்ல. ரத்தத்தால காத்தைச் சுமக்க முடியாமப் போய் ஈறு பழுப்பாயிடும். ஒரே மாத்திரையில செத்துடும்.

[3:00 மதியம்] சித்தி: அதான்மா, நீ போன வாட்டி சொன்னது போட்டதும் ஞாபகம் வந்துச்சு. வேற யாராவது படிச்சு குடுத்துடப் போறாங்கன்னு அழிச்சுட்டேன்.

[3:04 மதியம்] மாமா: ஆட்டோ கீழ நிக்குது. பேசின் பிரிட்ஜ் வழியா வேப்பேரி போய்டலாம். நானும் வரேன்.

[3:05 மதியம்] அக்கா: கூடையில ஈரத்துணி விரிங்க. மூடாதீங்க. வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிக்கே போங்க மாமா.

[3:07 மதியம்] அம்மா: 1903-லருந்து இருக்கற காலேஜு. எங்க அப்பா மாட்டை அங்கதான் ஓட்டிட்டுப் போவாரு. ஒண்ணும் ஆகாது, பதறாதே.

[4:48 மாலை] தங்கச்சி: அக்கா பாத்துட்டாங்க. ஆட்டோவுலயே வாயை மூடிட்டான். சூடு 102.6 ஃபாரன்ஹீட். வழக்கமா 102.5 வரைக்கும் இருக்கலாமாம், இப்ப பயமில்லன்னு சொன்னாங்க. 104 தாண்டியிருந்தா ஆபத்துன்னாங்க. ஈறு தொட்டுப் பாத்தாங்க, ஈரமா ரோஸா இருக்கு. தோலுக்கடியில குளுக்கோஸ் மாதிரி ஏதோ ஏத்தினாங்க.

[4:49 மாலை] அக்கா: மாமா கூடவே இருக்காரா

[4:50 மாலை] தங்கச்சி: கூடையை அவருதான் மடியில வெச்சிருக்காரு. யார்கிட்டயும் தர மாட்டேங்கறாரு.

[5:30 மாலை] அம்மா: முழுசா மொட்டை அடிச்சுட்டா வெயிலுக்கு நல்லதில்லையா?

[5:41 மாலை] அக்கா: தோல் தெரிய அடிச்சா வெயில் நேரா சுடும்மா, வெள்ளைத் தோல் வேற. அடிவயித்து முடியை மட்டும் குறைக்கலாம், வந்து நான் பண்றேன். அதுவரைக்கும் பன்னெண்டுலருந்து நாலு வரைக்கும் சமையலறை பக்கத்து ரூம்ல வைங்க, அங்க வெயில் படாது. மண் சட்டியில தண்ணி ரெண்டு இடத்துல. இன்னொண்ணு, சாயந்திரம் சாம்பிராணி போடறப்ப அவன் இருக்கற ரூம் கதவைச் சாத்திடு. துணி பீரோவுல பாச்சை உருண்டை இருந்தா எடுத்து மேல வை.

[5:43 மாலை] அம்மா: உருண்டையை அவன் வந்த அன்னிக்கே எடுத்துட்டேன்.

வியாழன்

[7:20 காலை] தங்கச்சி: அக்கா, மணல் தட்டுல காலையிலருந்து ரெண்டு தரம் போய் உக்காந்தான். பாத்தேன், மூத்திரம் பட்டு மணல் ரெண்டு கட்டியா இருக்கு, நல்லா பெருசு.

[7:24 காலை] அக்கா: கட்டி வந்தா சரி. போய்ப் போய் உக்காந்து, முக்கி, ஒண்ணும் வரலன்னா மட்டும் ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு ஓடணும். ஆம்பளப் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைச்சா ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிர் போயிடும். அதுக்குத்தான் தினம் ரெண்டு தரம் அள்ளச் சொல்றது, அள்ளினாதான் எத்தனை கட்டின்னு தெரியும்.

[7:26 காலை] தங்கச்சி: நோட்டுல எழுதி வெக்கறேன்கா.

திங்கள்

[10:02 காலை] அக்கா: டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு. மத்தியான வண்டியில ஏறறோம். சென்ட்ரல்ல இறங்கி இவரை வீட்ல விட்டுட்டு எட்டு மணிக்கு அங்க வரேன். இடது அக்குள் என்னாச்சு?

[10:15 காலை] அம்மா: அது மூணாம் நாளே முழுசாப் பிரிஞ்சுடுச்சு. இப்ப வலது தொடைக்குப் பின்னாடி ஒண்ணு கட்டிருக்கு, கடுகு அளவுதான். காலையில பாதி எடுத்தேன். எட்டு மணிக்கு வந்து கையைக் கழுவிட்டு உக்காரு, நீ பிடிச்சுக்க, மீதியை நான் எடுக்கறேன். சோள மாவு தீர்ந்துடுச்சு, வரும்போது வாங்கிட்டு வா.