8×8 பிளாக் புதிரில் கடின லெவல்: நடுக்கட்டமா, மூலையா?

நண்பர்களே, 8×8 பலகை, ஒரு தடவைக்கு மூன்று துண்டு, திருப்ப முடியாது. முழுதாக நிரம்பிய வரிசையோ நெடுவரிசையோ அழியும், அதிலுள்ள ரத்தினம் கிடைக்கும். இந்த வகை ஆட்டத்தில் ரத்தினம் சேகரிக்கும் லெவல்களுக்கு யோசனை வேண்டும்.

அடிப்படை எல்லாம் கடைப்பிடிப்பதுதான். 3×3 துண்டுக்கு ஓர் இடம், ஐந்து கட்ட நீளத் துண்டுக்கு ஓர் இடம் எப்போதும் காலி. மூன்று துண்டையும் வைக்க ஆறு வரிசைமுறை உண்டு என்பதால் முதல் துண்டைத் தொடும் முன்பே மூன்றாவதற்கு இடம் பார்த்துவிடுவது. நாலு பக்கமும் அடைபட்ட ஒற்றை ஓட்டை விடாமல் இருப்பது. ஒற்றைக் கட்டத் துண்டு வந்தாலொழிய அது நேராக நிரம்பாது, அந்த வரிசையும் நெடுவரிசையும் சேர்ந்தே முடங்கும்.

சிக்கல் இங்கேதான்: ரத்தினங்கள் நடுவில் உள்ள 4×4 பகுதியில் முன்கூட்டியே நிரம்பிய கட்டங்களோடு வருகின்றன. ஓரத்திலிருந்து கட்டினால் நடுப்பகுதி சல்லடையாகிவிடுகிறது. நடுவைக் குறிவைத்தால் 3×3 இடம் போய்விடுகிறது. பலகையில் 40 கட்டம் நிரம்பிவிட்டால் மிச்சம் 24தான். மூன்று 3×3 சேர்ந்து வந்தால் 27 வேண்டும், இடையில் ஒரு வரிசையோ நெடுவரிசையோ அழியாமல் தப்பிக்க வழியே இல்லை. (அந்த மூன்றும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வரும்!)

கேட்க விரும்புவது: ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் ஒரே துண்டில் அழிந்தால் 15 கட்டம் காலியாகும். அதற்காக ஏழு கட்டம் நிரம்பிய வரிசையை அப்படியே நிறுத்தி வைப்பீர்களா, கிடைத்ததும் அழித்துவிடுவீர்களா? எத்தனை கட்டம் நிரம்பியதும் ரத்தினத்தை மறந்து இடம் மீட்பதில் இறங்குவீர்கள்? காம்போ புள்ளிக்கான (தொடர்ந்து அழித்தால் கிடைக்கும் கூடுதல் புள்ளி) உத்தி வேண்டாம், லெவல் தாண்டினால் போதும்.