இன்டர்னல் கம்யூனிகேஷனுக்கு மாறலாமா, போனால் தேங்கிவிடுவேனா?

எழுத்தாணி:
மார்க்கெட்டிங்கில் கன்டென்ட் எழுதுகிறேன். அதே கம்பெனியில் இன்டர்னல் கம்யூனிகேஷன் (கம்பெனி செய்திகளை ஊழியர்களுக்குச் சொல்லும்) பிரிவுக்கு வரச் சொல்கிறார்கள், சம்பளம் அதேதான். பிறந்தநாள் போஸ்டரும் மாத நியூஸ்லெட்டரும் போட்டே காலம் ஓடிவிடும் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்து வெளியே போனால் இந்த அனுபவத்துக்கு மதிப்பு இருக்குமா? சான்றிதழ் ஏதாவது வேண்டுமா?

மூன்றாம்மாடி:
அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. எச்.ஆருக்குப் போஸ்டர் போடும் ஆளாகவே பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். அதனால் சரி என்று சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ஒரு மாற்றம் வருகிறது என்றால் உங்களுக்கு எப்போது தெரியும்? முடிவெடுக்கும்போதேவா, மெயில் அனுப்ப வேண்டிய அன்று காலையிலா? காலையில்தான் என்றால் போகாதீர்கள்.

இந்த வேலையில் எழுத்து கால்வாசிதான். மீதி, யாருக்கு முதலில் சொல்வது என்பது. இரண்டு பிரிவுகளை இணைக்கிறார்கள் என்று வையுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மெயில் போனால் அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாரும் தங்கள் மேனேஜரிடம்தான் போய் நிற்பார்கள், அவரும் அப்போதுதான் அதைப் படித்துக்கொண்டிருப்பார். "எனக்கும் தெரியாதுப்பா" என்று அவர் சொல்லிவிட்ட பிறகு டவுன்ஹாலில், அதாவது எல்லா ஊழியர்களையும் கூட்டிப் பேசும் கூட்டத்தில், சி.இ.ஓ. என்ன பேசினாலும் எடுபடாது. மேனேஜர்கள் கையில் விவரத்தையும், வரக்கூடிய கேள்விகளுக்குப் பதிலையும் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். அப்புறம், மெஷினில் நிற்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் பலர் கம்பெனி மெயிலே பார்ப்பதில்லை. ஷிப்டு மாறும்போது சூப்பர்வைசர் வாயால் சொன்னால்தான் உண்டு.

சுருக்கெழுத்து:
மார்க்கெட்டிங் பழக்கம் ஒன்றை விட வேண்டியிருக்கும். "நமது வெற்றிப் பயணத்தின் அடுத்த மைல்கல்லாக" என்று ஆரம்பித்தால் இரண்டாம் வரிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். "ஏப்ரல் 1 முதல் பயணச் செலவைப் புதிய ஆப்பில்தான் பதிய வேண்டும், மார்ச் பில்களைப் பழைய படிவத்திலேயே 31க்குள் கொடுத்துவிடுங்கள்" என்பது முதல் வரியிலேயே வரட்டும். ஏன் மாற்றினோம் என்ற கதை அதற்குக் கீழே.

ஓபன் ரேட்டை, அதாவது மெயிலை எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்ற கணக்கை, நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் மெயிலில் பிரைவசி வசதி வந்ததிலிருந்து, அதை ஆன் செய்தவர்கள் படிக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் ஏறலாம். கெடுவுக்குள் எத்தனை பேர் புதிய ஆப்புக்கு வந்தார்கள், ஹெல்ப்டெஸ்குக்கு ஒரே கேள்வி எத்தனை முறை வந்தது, இவற்றைக் குறித்து வையுங்கள். அப்ரைசலில் கை கொடுக்கும்.

எழுத்தாணி:
நன்றி இருவருக்கும். ஆனால் இதெல்லாம் உள் விவகாரம் ஆயிற்றே, அடுத்த இன்டர்வியூவில் எதைக் காட்டுவது? எந்த டூல் கற்றுக்கொள்ள?

நோட்டீஸ்போர்டு:
கம்பெனி மெயிலை வெளியே எடுத்துப் போகாதீர்கள், இருக்கிற வேலையும் போய்விடும். கற்பனையாக ஒரு கம்பெனியை வைத்து, அலுவலகம் இடம் மாறுகிறது என்று ஒரு திட்டம் எழுதுங்கள்: யாருக்கு, எப்போது, யார் வாயால், எரிச்சலான கேள்விக்கு என்ன பதில். நான் ஆள் எடுக்கும்போது அந்தக் கடைசிப் பகுதியைத்தான் முதலில் படிப்பேன்.

டூலுக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். அவை மாறிக்கொண்டே இருக்கும். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தளமான யாமரை மைக்ரோசாஃப்ட் 2012இல் வாங்கியது, 2023இல் அது விவா எங்கேஜ் ஆகிவிட்டது. அதே மாதிரித் தளமான ஒர்க்பிளேஸை மூடப்போவதாக மெட்டா 2024இல் அறிவித்தது. கம்பெனியின் உள்தளம் அமைக்க உதவும் ஷேர்பாயின்ட் ஓரளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

சான்றிதழ் என்றால் கம்யூனிகேஷன் வேலையில் இருப்பவர்களுக்கான ஐ.ஏ.பி.சி. என்ற சர்வதேச அமைப்பு சார்ந்த சி.எம்.பி. (கம்யூனிகேஷன் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்) இருக்கிறது. அதற்கு முன்அனுபவம் கேட்பார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது பேச வேண்டியது வேறு: சம்பளம் ஏறவில்லை என்றால், மாற்றங்களைத் திட்டமிடும் கூட்டங்களில் உங்களுக்கும் இடம் உண்டு என்று மாற்றல் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.